புது டேப்லெட் வாங்குமுன்

புதிய டேப்லெட் ஒன்று சந்தைக்கு வந்த உடனேயே, கணினிக் கடைகள் நிறைந்த கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஓடாதீர்கள். முதலில், அது எந்த வேலைக்கு? பிள்ளையின் சூம் வகுப்பு, கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப், யூடியூப் என்றால் போன வருட மொடலே தாராளம். புதியது வந்ததும் பழையதன் விலை பெரும்பாலும் இறங்கும்.

நான் விடாமல் பார்ப்பது அப்டேட். எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதாக நிறுவனம் சொல்கிறது என்று தேடுங்கள். அது நின்றுவிட்டால், நாளடைவில் வங்கிச் செயலிகூட வேலை செய்யாமல் போகலாம். சேமிப்பிடம் 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதில் ஒரு பங்கை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். மெமரி கார்ட் போட இடமில்லை என்றால் 128 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். பேனா, கீபோர்ட் பல மொடல்களில் தனி விலை. அதையும் கூட்டிப் பாருங்கள், சில வேளை ஒரு லெப்டொப் காசு வந்துவிடும்.

அப்புறம், சிம் போடும் மொடல் என்றால் காசு கொடுக்குமுன் ஐஎம்இஐ இலக்கத்தை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று சரிபாருங்கள். வரண்டி கடையினுடையதா, உள்ளூர் முகவருடையதா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.