சித்திரகுப்தனைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகில் மறுமை பற்றிய தவறுகள்

ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஆடத் தொடங்கியிருக்கும் நம்மவர் எவரிடமாவது, "உங்கள் பாத்திரம் செத்தால் அதன் ஆன்மா எங்கே போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். மேலே ஒரு நீதிமன்றம், ஏட்டைப் புரட்டும் ஒரு கணக்கர், நல்லவனுக்குச் சொர்க்கம், கெட்டவனுக்கு எண்ணெய்க் கொப்பரை. பாத்திரத் தாளில் எழுதும் அலைன்மெண்ட், அதாவது அறச்சார்பு, அந்தக் கணக்கர் கடைசியில் போடும் மதிப்பெண் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மற்ற தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. இந்த ஆட்டத்தின் அடிப்படை அண்ட அமைப்பில், பெருஞ்சக்கரம் என்று சொல்லப்படும் அமைப்பில், நீதிபதி கிடையாது. மழைத்தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதைப் போல, ஆன்மா தன் இயல்புக்கு ஒத்த தளத்துக்கு, அதாவது மறுமையின் ஒரு பகுதிக்கு, இழுபட்டுப் போகிறது. யாரும் அனுப்புவதில்லை. தண்டனை, பரிசு என்ற சொற்களே அங்கே அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

சக்கரத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். வெளி வட்டத்தில் பதினாறு புறத்தளங்கள், நடுவில் அவுட்லாண்ட்ஸ் என்ற நடுநிலைத் தளம். ஒழுங்கும் நன்மையும் சேர்ந்த ஆன்மாவுக்கு மவுண்ட் செலஸ்டியா. நன்மை மட்டும் மேலோங்கினால் எலிசியம். கட்டுக்கு அடங்காத நன்மைக்கு ஆர்போரியா. எதிர்ப்பக்கத்தில், ஒழுங்கான தீமைக்கு ஒன்பது நரகங்கள், கலப்படமில்லாத தீமைக்கு ஹேடீஸ், கட்டற்ற தீமைக்கு அபிஸ். இடைப்பட்டவர்களுக்கு இடைப்பட்ட தளங்கள் உண்டு. வீரம் பெரிது, மற்றதெல்லாம் பிறகு என்று வாழ்ந்தவன் இஸ்கார்டுக்குப் போவான். அங்கே பகலில் போரிட்டு வீழ்ந்தவர்கள் மறுநாள் எழுந்து மறுபடியும் போருக்குப் போகிறார்கள். அது தண்டனையா, பரிசா? போகிறவனைக் கேட்டால் திருவிழா என்பான்.

நரகத்தைச் சிறைச்சாலையாகப் பார்ப்பது அடுத்த பிழை. ஒன்பது நரகங்களில் இருக்கும் டெவில்கள் பாவிகளைத் திருத்தவோ பழிதீர்க்கவோ அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஆள்பலம். வந்து சேரும் ஆன்மா லெமூர் என்ற உருவமற்ற சதைப் பிண்டமாகிறது. அதுதான் படையின் கடைசிப் படி. தப்பிப் பிழைத்து மேலிடத்தின் கண்ணில் பட்டால் பதவி உயர்வு, அதற்கு மேல் இன்னொன்று, சூழ்ச்சி செய்யத் தெரிந்தால் இன்னும் மேலே. உச்சியில் நரகங்களின் அதிபதி அஸ்மோடியஸ். ஆகவே உங்கள் கதையில் வரும் கொடுங்கோல் மன்னன் நரகத்தை நினைத்து நடுங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "கீழ்ப்படியில் தொடங்கினாலும் நான் ஏறிவிடுவேன்" என்று நம்புகிறவன் அவன். அப்படி நம்புகிறவர்களைத்தான் அந்தத் தளம் இழுக்கிறது. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்: தீயவனை வதைக்கத் தனியாக ஆள் வைக்கவில்லை, அவனைப் போன்றவர்களுடன் விட்டுவிட்டார்கள்.

நன்மைப் பக்கத்திலும் இப்படித்தான். செலஸ்டியாவைப் போய்ச் சேர்ந்ததும் ஓய்வெடுக்கும் இடமாக நினைக்காதீர்கள். ஏழு அடுக்கு மலை அது. அடிவாரத்தில் லூனியா, அங்கே வெள்ளிக் கடல். ஆன்மா தன்னைச் செம்மைப்படுத்திக்கொண்டு மேலே ஏற வேண்டும்.

அடுத்தது தமிழில் பேசும்போது மட்டும் வரும் சிக்கல். டெவில், டீமன் இரண்டையும் பேய் என்றோ பிசாசு என்றோ சொல்லிவிடுகிறோம். கதை அங்கேயே குழம்பிவிடுகிறது. டெவில்கள் ஒழுங்கான தீமை: ஒப்பந்தம், படிநிலை, கையெழுத்து. டீமன்கள் அபிஸின் பிள்ளைகள்: வெறி, அழிவு, யாருக்கும் கட்டுப்படாமை. இரு தரப்பும் காலங்காலமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் போருக்கு ரத்தப் போர் என்று பெயர். தீமை தீமையோடு சேராதா என்று கேட்பவர்கள் அறச்சார்பின் இரண்டு அச்சுகளில் (ஒழுங்கு–ஒழுங்கின்மை, நன்மை–தீமை) ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1974-இல் ஆட்டம் முதன்முதலில் வெளிவந்தபோது நன்மை, தீமை என்ற அச்சே கிடையாது. ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்ற மூன்றுதான் இருந்தன. நன்மையும் தீமையும் பிறகு சேர்ந்து ஒன்பது கட்டங்களாயின. ஆகவே "லாஃபுல்", அதாவது ஒழுங்கானவன், என்று எழுதியிருப்பதைப் பார்த்து நல்லவன் என்று முடிவு கட்டுவது, பிறகு வந்த அச்சை முதலில் இருந்ததன் மேல் ஏற்றுவதாகும்.

ஒழுங்கு கூடினால் நன்மை தானாகக் கூடும் என்ற நம்பிக்கைக்குப் பதிலாக அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. ஹார்மோனியம் என்று ஒரு கூட்டம். நம் வீட்டுப் பஜனையில் ஒலிக்கும் பெட்டி அல்ல, உலகம் முழுவதையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவரத் துடிக்கும் ஓர் அமைப்பு. இவர்கள் ஒழுங்கு மிகுந்த நல்ல தளமான ஆர்கேடியாவின் மூன்றாம் அடுக்கில் மனமாற்ற முகாம்கள் நடத்தினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் வலுக்கட்டாயத்தால் அங்கே நன்மை தேய்ந்தது, ஒழுங்கு மட்டும் மிஞ்சியது. விளைவு, அந்த அடுக்கே ஆர்கேடியாவிலிருந்து நழுவி, பற்சக்கரங்களால் ஆன மெக்கானஸ் தளத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அங்கே மனப்பாங்கு ஆன்மாவை மட்டுமல்ல, நிலத்தையும் நகர்த்தும்.

மெக்கானஸ் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. ஆட்டத்தின் ஆரம்ப காலத்தில் அந்தத் தளத்துக்கு வைத்த பெயர் நிர்வாணா. முழு ஒழுங்கின் தளத்துக்குப் பௌத்தம் சொல்லும் வீடுபேற்றின் பெயரை வைத்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் எவ்வளவு எட்டியது என்பது எனக்கு ஐயம்தான். பிறகு மாற்றிவிட்டார்கள், நல்லது. சொல்ல வந்தது இதுதான்: பழைய பெயர்களைப் பார்த்து இந்தச் சக்கரத்தைக் கர்மா, மறுபிறவி என்று விளக்கப் புறப்படாதீர்கள். பெரும்பாலான ஆன்மாக்கள் அங்கே திரும்பிப் பிறப்பதில்லை. எல்ஃப் இனத்தவர் ஒரு விதிவிலக்கு. அவர்களின் ஆன்மாக்கள் எல்ஃப் தெய்வங்களின் இருப்பிடமான ஆர்வாண்டரில் சிறிது காலம் இளைப்பாறிவிட்டு மீண்டும் பிறக்க வருகின்றன.

இனி, அனுபவப்பட்ட ஆட்டக்காரர்களும் சறுக்கும் இடம். ஒரு உலகத்தின் விதியை இன்னொரு உலகத்தின் மேல் ஏற்றுவது. இந்த ஆட்டத்துக்கென எழுதப்பட்ட கதையுலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் ஆன்மா நேரே தன் தளத்துக்குப் போவதில்லை. ஃபியூக் தளம் என்ற சாம்பல் நிற வெளியில் காத்திருக்கிறது. வாழும்போது வணங்கிய தெய்வத்தின் தூதர்கள் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். யாரும் வராதவர்களை இறந்தோர் தலைவன் கெலம்வோர் விசாரிக்கிறான். நம் யமனின் தர்பாருக்கு மிக அருகில் வரும் காட்சி இதுதான். ஆனால் விசாரணையில் கேட்கப்படுவது "நல்லவனா?" என்பதல்ல. "யாரை நம்பினாய், அந்த நம்பிக்கைக்கு உண்மையாக இருந்தாயா?" என்பதுதான். தெய்வத்துக்குத் துரோகம் செய்தவர்கள் பொய்யர்கள், எந்தத் தெய்வத்தையும் ஏற்காதவர்கள் நம்பிக்கையற்றவர்கள். இந்த இரண்டாம் வகையினருக்கு ஒரு மதில் காத்திருந்தது. ஆன்மாக்களையே செங்கல்லாக வைத்துக் கட்டிய மதில், உள்ளே பதிக்கப்பட்டவர்கள் மெல்ல மெல்லக் கரைந்து போவார்கள். அனாதைகளுக்குச் சோறு போட்டே வாழ்நாளைக் கழித்த ஒரு நாத்திகனுக்கும் அதுதான் கதி. அவனுடைய அறச்சார்பு அவனைக் காப்பாற்றாது.

கெலம்வோர் மனிதனாக இருந்து தெய்வமானவன். பதவிக்கு வந்த புதிதில் அவன் நல்லவர்களுக்கு நல்ல இடம், கெட்டவர்களுக்குக் கெட்ட இடம் என்றுதான் தீர்ப்புச் சொன்னான். நமக்கெல்லாம் நியாயமாகப் படும் வழி. ஆனால் மறுமை உறுதி என்று தெரிந்த நல்லவர்கள் சாவுக்கு அஞ்சாமல் உயிரை விடத் தொடங்கினார்கள், தெய்வங்களைத் தேடுவோர் குறைந்தார்கள். மற்றத் தெய்வங்கள் சீறின. கடைசியில் அவன் தன் மனிதநேயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நம்பிக்கையை மட்டும் பார்க்கும் நடுவனாக மாற வேண்டியதாயிற்று. மதில் பற்றிய குறிப்பை 2020-இல் ஒரு வழிகாட்டி நூலிலிருந்து வெளியீட்டாளர்களே நீக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் மேசையில் அந்த மதில் இருக்கிறதா இல்லையா என்பதை ஆட்டத்தை நடத்துபவர் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. மதகுரு பாத்திரம் ஆடுகிறவருக்கும் தெய்வங்களை வெறுக்கும் பாத்திரம் ஆடுகிறவருக்கும் இடையே இதைப் பற்றிய சண்டை நள்ளிரவு வரை நீண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எபரான் என்ற இன்னொரு கதையுலகில் இவை எதுவும் செல்லாது. அங்கே நல்லவன், கெட்டவன், பக்தன், நாத்திகன் எல்லோரும் டோலர் என்ற ஒரே இடத்துக்குப் போகிறார்கள். போய், நினைவுகள் ஒவ்வொன்றாக மங்கி, வெறும் நிழலாகிறார்கள். அதற்கப்பால் என்ன என்பதில் அந்த உலகத்து மதங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. எபரான் கதையில் "என் பாத்திரம் செலஸ்டியாவுக்குத்தான் போகும்" என்று அடம்பிடிப்பவர், மதுரைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கோவை பஸ்ஸில் ஏறியவரைப் போன்றவர்.

ஒரே செயல் ஆன்மாவின் போக்கை மாற்றிவிடும் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. பசிக்கு ஒரு ரொட்டியைத் திருடிய பாத்திரத்தின் தாளில் உடனே அறச்சார்பை அழித்து எழுதும் ஆட்ட நடத்துநர்கள் உண்டு. அறச்சார்பு என்பது வாழ்நாள் முழுவதும் படிந்த வண்டல். ஒரு வெள்ளத்தில் அது அடித்துக்கொண்டு போவதில்லை. விதிவிலக்கு, கையெழுத்து. டெவிலோடு ஒப்பந்தம் போட்டவனின் ஆன்மா, அவன் எப்படி வாழ்ந்திருந்தாலும், பத்திரத்தில் உள்ளபடி போகும். ஃபியூக் தளத்தில் காத்திருக்கும் ஆன்மாக்களிடம்கூட டெவில்கள் வந்து பேரம் பேசுகின்றன. இதற்கு நேர்மாறான ஒரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, இரவுச் சூனியக்காரி (நைட் ஹேக்) என்ற அரக்கி ஒருத்தி கனவில் புகுந்து ஆளைக் கொல்கிறாள். செத்தவன் தீயவனாக இருந்தால் மட்டுமே அவன் ஆன்மா அவளுடைய பையில் சிக்கும். நல்லவனைக் கொல்லத்தான் அவளால் முடியும், அவன் ஆன்மாவைப் பிடித்துப் பையில் போட முடியாது. அறச்சார்பு ஒரு கவசமாக வேலை செய்யும் அரிய இடம் இது.

விலங்குகளைப் பற்றி ஒரே வரி: புலிக்கு நடுநிலை என்று எழுதாதீர்கள், நன்மை தீமையைத் தேர்ந்தெடுக்கும் அறிவே இல்லாத உயிர்களுக்கு இப்போதைய விதிகளில் சார்பே கிடையாது.

செத்தவர் அதே ஆளாகவே அங்கே இருப்பார் என்று நம்பிக் கதை அமைப்பது இன்னொரு பிழை. "அப்பாவின் ஆன்மாவைத் தேடி எலிசியத்துக்குப் போய்ப் புதையலின் வழியைக் கேட்போம்" என்று கிளம்புவார்கள். பழைய புறத்தளக் கதைகளின்படி, அங்கே சேரும் ஆன்மாவுக்குப் புது உடல் கிடைக்கிறது, முந்தைய வாழ்வின் நினைவு பெரும்பாலும் போய்விடுகிறது. எஞ்சுவது இயல்பு மட்டும். காலப்போக்கில் அதுவும் தளத்தோடு ஒன்றிக் கரைந்துவிட வேண்டும் என்பதே அதன் ஆசை. அப்பா சிரிப்பார், பழம் கொடுப்பார், மகனை அடையாளம் தெரியாது. நடத்துநருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது, கொஞ்சம் கல்நெஞ்சு வேண்டும், அவ்வளவுதான். சரி, பிணத்திடமே கேட்டுவிடலாம் என்று இறந்தோரோடு பேசும் மந்திரத்தை எடுத்தாலும் ஆன்மா வராது. பதில் சொல்வது உடலில் தங்கியிருக்கும் உயிர்ப்பு மட்டும். செத்தபின் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. மறுமை எப்படி இருக்கிறது என்று பிணத்திடம் விசாரிப்பது வீண்.

உயிர்ப்பிக்கும் மந்திரமும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்குவதைப் போல, மந்திரத்துக்கு விலையாக வைரத்தைக் கொடுத்தால் ஆள் எழுந்துவிடுவான் என்று நினைக்கிறோம். ஆனால் ஆன்மா வர விரும்ப வேண்டும், வரும் சுதந்திரமும் அதற்கு இருக்க வேண்டும். ஆட்டத்தின் 3.5 பதிப்பு விதிப்படி, தன்னை அழைப்பவரின் பெயர், அறச்சார்பு, வணங்கும் தெய்வம் மூன்றும் அந்த ஆன்மாவுக்குத் தெரியும். எதிரியின் மதகுரு கூப்பிட்டால் வர மறுக்கலாம். நண்பனே கூப்பிட்டாலும் மறுக்கலாம்.

எங்கள் குழுவில் அப்படி ஒன்று நடந்தது. எல்லோருக்கும் பிடித்த ஒரு பாத்திரம், நல்ல மனம் படைத்த குள்ளன், பாலம் ஒன்றைக் காத்துச் செத்துப்போனான். ஊர் ஊராக அலைந்து 500 பொற்காசு பெறும் வைரத்தைத் தேடிப்பிடித்து, செத்த பத்து நாளுக்குள் என்ற கெடு முடியும் முன்பே மந்திரத்தைச் சொல்லியும் விட்டோம். நடத்துநர் அந்த ஆட்டக்காரரைப் பார்த்து, "செலஸ்டியாவின் இரண்டாம் அடுக்கில் ஏறிக்கொண்டிருக்கிறாய், கீழேயிருந்து நண்பர்கள் கூப்பிடும் குரல் கேட்கிறது, வருகிறாயா?" என்று கேட்டார். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு பழைய பாத்திரத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதுத் தாள் ஒன்று கேட்டார். வைரம் போனது போனதுதான்.