மயக்கவியல் பயிற்சியின் முதல் ஆண்டு: அறுவை அரங்கில் எதை முதலில் பழக வேண்டும்

மயக்கவியல் பட்டமேற்படிப்பில் சேரும் மருத்துவர்களில் பலர், முதல் வாரத்திலேயே மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடக் கற்றுவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். ஆர்வம் இயல்பானதே, ஆனால் வரிசை தலைகீழானது. டியூப் போட முடியாமல் போனாலும், மாஸ்க் வழியாக ஆக்சிஜன் செலுத்தத் தெரிந்தவரின் கையில் நோயாளிக்குப் பெரும்பாலும் ஆபத்து நேர்வதில்லை. ஆகவே மாஸ்க் பிடிக்கும் திறனே முதலில் கைவர வேண்டும்.

அறுவைக்கு முந்தைய நாளே நோயாளியை நீங்களே நேரில் பாருங்கள். வாய் மூன்று விரல் அகலத்துக்குத் திறக்கிறதா, கழுத்து பின்னுக்கு வளைகிறதா, ஆடும் பல் உண்டா, உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வயிறு காலியாக இருக்க, தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, இலேசான உணவுக்கு 6 என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. பின்னர், மூத்தவரிடம் கேட்பதற்கு முன்பாகவே, உங்கள் மயக்கத் திட்டத்தையும் அது தவறினால் செய்யப்போகும் மாற்றுத் திட்டத்தையும் எழுதி வையுங்கள். எழுதாத திட்டத்தை யாராலும் திருத்த முடியாது.

காலையில் மயக்க இயந்திரம், மாற்று ஆக்சிஜன் சிலிண்டர், உறிஞ்சு கருவி, கையால் அழுத்தும் ஆம்பு பை ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு மருந்துகளை எடுங்கள். மருந்தை ஏற்றியவுடனேயே சிரிஞ்சில் லேபிள் ஒட்டிவிட வேண்டும். லேபிள் இல்லாத சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று ஊகிக்காமல் அதை எறிந்துவிடுங்கள்.

மாஸ்க் பிடிப்பதில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைந்து நிற்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பின் மீது இருக்க வேண்டும். எலும்பை விட்டு மோவாய்க்குக் கீழுள்ள மென்தசையை விரல்கள் அழுத்தினால், குறிப்பாகக் குழந்தைகளில், நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுவழியை நீங்களே அடைத்துவிடுவீர்கள். முகத்தின் மீது மாஸ்க்கை அழுத்துவதற்குப் பதிலாக, தாடையை மாஸ்க்கை நோக்கித் தூக்க வேண்டும். மயக்க மருந்துக்கு முன் 3 நிமிடம் இறுக்கமான மாஸ்க்கில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரலில் தங்கியிருக்கும் நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தை ஆக்சிஜன் நிரப்பும். அதன்பின் மூச்சு நின்றாலும் ஆரோக்கியமான பெரியவருக்கு ஏறத்தாழ 8 நிமிட அவகாசம் கிடைக்கும். உடல் பருத்தவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோருக்கு இந்த அவகாசம் வெகுவாகக் குறையும். மாஸ்க்கின் ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து இந்தப் பயனைக் கெடுத்துவிடும் என்பதால், வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தை எட்டுகிறதா என்று திரையில் பாருங்கள்.

டியூப் உள்ளே போனதாகத் தோன்றியதும், வெளிவிடும் மூச்சை அளந்து காட்டும் கேப்னோகிராஃபில் கார்பன் டை ஆக்சைடு அலை தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஸ்டெதஸ்கோப் ஏமாற்றும், பல்ஸ் ஆக்சிமீட்டரோ, முன்பே ஏற்றிய ஆக்சிஜன் தீர்ந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். அலை இல்லையென்றால் டியூப் உணவுக்குழாயில் இருப்பதாகவே கொள்ளுங்கள். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மூன்று முயற்சிகளையும், அனுபவம் மிக்கவர் செய்யும் கூடுதல் ஒன்றையும் மட்டுமே அனுமதித்தது. பயிற்சியாளர் முதல் தோல்வியிலேயே வாய்விட்டு உதவி கேட்பது நல்லது. கேட்கக் கூச்சப்படுபவரைப் பற்றித்தான் ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள்.

முதுகுத்தண்டு மயக்கத்துக்கு ஊசி போடும் இடத்தைக் கண்டறிய, இடுப்பெலும்பு முகடுகளை இணைக்கும் கோடு ஏறத்தாழ நான்காம் இடுப்பு முள்ளெலும்பைத் தொடும் என்பதை ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இது கை பழகப் பழகத்தான் வரும்.

அரிய நெருக்கடிகளை நோயாளியிடம் கற்க முடியாது. மயக்க மருந்தால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் தீவிர உயர்வெப்ப நிலையில் டான்ட்ரோலீன் மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், ஓரிடத்தை மட்டும் உணர்விழக்கச் செய்யும் மரப்பு மருந்து நச்சேறினால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் என்ற தொடக்க அளவுகளை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், பொம்மை மாதிரியை வைத்து ஒத்திகை பாருங்கள். ஒருவர் வழிமுறை அட்டையை உரக்கப் படிக்கட்டும், ஒருவர் மருந்தைக் கரைக்கட்டும், தலைமை ஏற்பவர் கையை எதிலும் நுழைக்காமல் நிற்கட்டும்.

அன்றன்று மாலையில் பணிப்பதிவேட்டை எழுதும்போது தோல்வியடைந்த முயற்சிகளையும் எழுதுங்கள். மறுநாள் வார்டுக்குச் சென்று தொண்டை வலி, வாந்தி, தலைவலி உண்டா என்று நோயாளியிடமே கேட்டு, அந்தப் பதிலையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.