வீட்டை விற்கப் போகிறீர்களா? முகப்பைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது

தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, வீடு முழுதும் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தட்டுப்படாததெல்லாம் படத்தில் தெரிந்துவிடும். சன்ஷேடுக்குக் கீழே வழிந்த கறுப்புக் கோடு, ஒரு பக்கம் தொங்கிப்போன கேட், சுவரோரம் அவிழ்ந்து கிடக்கும் பழைய கேபிள். உறுத்துவதையெல்லாம் எழுதிக்கொண்டு, அவற்றில் தண்ணீரால் வந்தவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் டப்பாவைத் திறப்பது அதற்கெல்லாம் பிறகுதான்.

சுவரின் அடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தாலோ, வெள்ளையாக உப்பு பூத்திருந்தாலோ, அங்கே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டும் நிற்காது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வரும்போது கரைந்த உப்பையும் கூடவே இழுத்து வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, தங்கிவிட்ட உப்பு புதுப் பூச்சைத் தள்ளி உரிக்கிறது. கசியும் மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிக் குவிந்த தோட்ட மண், சுவர்ப்பக்கமாகச் சரிந்த தரை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மண் மட்டம், சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு (தரை ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் போடும் அடுக்கு) குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்து, கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உரிக்கும்போது உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. காரை பெயர்ந்து புதிதாகச் சிமென்ட் பூசிய இடத்துக்கு 28 நாள் கொடுக்க வேண்டும். இதைக் கணக்கில் வைக்காததால்தான் பலர் விற்பனைக்கு முந்தைய வாரம் அவசரமாக அடித்து, ஒட்டுப்போட்ட இடம் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரிய விட்டுவிடுகிறார்கள்.

பாசி பிடித்த இடத்துக்கு ஒரு பங்கு ப்ளீச் திரவம், மூன்று பங்கு தண்ணீர். 15 நிமிடம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போடுங்கள், அருகிலுள்ள செடிகளை மூடுங்கள். ப்ளீச்சோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். காய்ந்த சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவாக ஒட்டினால் பழைய பெயின்ட் செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு முறை கழுவி, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்காமல் மேலே போகாதீர்கள்.

மயிரிழை விரிசலின் மேல் அப்படியே பட்டி தடவினால் சில நாளில் அதே கோடு திரும்ப வரும். கொத்துக் கரண்டி முனையால் V வடிவில் கீறித் திறந்து, தூசியைத் தட்டி, வெளிச்சுவருக்கான ஃபில்லரை அழுத்தி நிரப்புங்கள். உள்சுவர்ப் பட்டி வேண்டாம், மழையில் ஊறிப் பெயரும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகவோ, வளர்ந்துகொண்டோ இருக்கும் விரிசலை மூடும் முன் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

இனி பெயின்ட். வழுவழுப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் பெயின்ட் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு முறை அடிக்க, ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும், சொரசொரப்பான சுவரில் குறையும். கதவு, ஜன்னல் கழித்து முகப்பு 60 சதுர மீட்டர் என்றால் இரண்டு கோட்டுக்கு 12 லிட்டர். எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொண்டால் நடுச்சுவரில் நிறம் மாறாது. வெயில் நேராக விழும் சுவரில் அடிக்காதீர்கள். ஒட்டிப் பிடிக்கும் முன்பே காய்ந்து, பிரஷ் கோடுகள் அப்படியே நின்றுவிடும். நிழல் நகர்வதைப் பின்தொடர்ந்து அடிப்பதே நல்லது.

முழுச் சுவருக்கும் கையில் பணம் இல்லையென்றால் சுவரைக் கழுவி விட்டுவிட்டு, கேட்டையும் வாசல் கதவையும் மட்டும் செய்யுங்கள். வருகிறவர் கை வைப்பது அந்த இரண்டில்தான். கேட்டைத் தூக்கிப் பார்த்து ஆட்டம் இருந்தால் முதலில் கீலை மாற்றுங்கள். துருவைக் கம்பி பிரஷாலும் 80, பிறகு 120 நம்பர் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு விட்டாலும் புதுத் துரு படியும். அதன்மேல் எனாமல் இரண்டு கோட்.

செடிகளை ஜன்னல் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டுங்கள். வாசல் விளக்குக்கு, இளமஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் எல்இடி போதும். கதவு எண் தெருவிலிருந்தே படிக்கத் தெரிய வேண்டும்.

குழாய் மாற்றிய பில்லையும், பழுது பார்க்கும் முன் எடுத்த படங்களையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். சுவரில் ஓதம், அதாவது ஈரம், இருந்ததா என்று கேட்பவரிடம் இருந்தது என்றே சொல்லி, சரிசெய்ததைக் காட்டலாம்.