ஒரே கம்பியில் இரண்டு வலையமைப்பு: ஐபிவி6 போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டர்வொர்த்தில் ஒரு கணக்காய்வு அலுவலகம். அவர்களுடைய சர்வர் கோலாலம்பூரில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து தங்கள் ஆண்டறிக்கையைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்வார்கள். அந்தச் சர்வரில் இணைய முகவரியின் புதிய முறையான ஐபிவி6ஐத் திறந்துவிட்டது நான்தான். மறுநாள் காலையிலேயே அலுவலகத்து அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, லாகின் பக்கம் டக்குன்னு வருது. பேரு, பாஸ்வர்டு எல்லாம் எடுத்துக்குது. பிடிஎஃப்பை அமுக்கினா மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்குத்தான். அவங்களே கைப்பேசி டேட்டாவுல போனா சரியா வருது."

சின்னது போகிறது, பெரியது நிற்கிறது. ஐபிவி6ஐக் கொஞ்ச நாள் கட்டி மேய்த்தவர்களுக்கு இந்த அடையாளம் போதும். பழைய முறையான ஐபிவி4ல் ஒரு பாக்கெட் (தரவுப் பொட்டலம்) வழியிலிருக்கும் கம்பிக்குப் பெரிதாகிவிட்டால், தடை போடாதவரை நடுவில் நிற்கும் ரௌட்டரே அதைத் துண்டு போட்டு அனுப்பிவிடும். ஐபிவி6ல் ரௌட்டர் அந்த வேலையைச் செய்யாது. பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, "இது பெரிது, இந்த அளவுக்கு மேல் அனுப்பாதே" என்று அனுப்பியவருக்கே ஒரு செய்தி திருப்பும். பாக்கெட் டூ பிக் என்று அதற்குப் பெயர். பிழையையும் நிலையையும் தெரிவிக்கும் செய்திகளின் தொகுப்பான ஐசிஎம்பிவி6ல் அது இரண்டாம் எண் செய்தி. சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட் போகும். வீட்டு ஃபைபர் பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை வழியாக வந்தால் அதில் 8 பைட் கழிந்து 1492தான் மிச்சம். என் சர்வர் 1500 பைட் பாக்கெட்டை அனுப்பியது. வழியில் அது விழுந்தது. செய்தியும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஆனால் சர்வருக்கு முன்னால் இருந்த ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6 மொத்தத்தையும் அடைத்து வைத்திருந்தேன். பழைய ஐபிவி4 விதிகளில் "பிங் வேண்டாம்" என்று ஒரு வரி உண்டு. அதை அப்படியே இந்தப் பக்கமும் எழுதியிருந்தேன். சர்வருக்கு எதுவும் தெரியாமல் அதே 1500 பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

சிலருக்கு மட்டும் ஏன்? அவர்கள் வீட்டு ரௌட்டர்கள் டிசிபி இணைப்பு தொடங்கும்போதே துண்டின் அளவைக் குறைத்துச் சொல்லும் வசதியை ஐபிவி4க்கு மட்டும் செய்துகொண்டிருந்தன. ஐபிவி4 தலைப்பு 20 பைட், ஐபிவி6 தலைப்பு 40. இரண்டிலும் டிசிபி தலைப்புக்கு இன்னொரு 20 போகும். ஆகவே 1492ல் ஐபிவி4க்கு 1452 என்று சொல்ல வேண்டும், ஐபிவி6க்கு 1432. இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்லும் ரௌட்டர் வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினையே வரவில்லை.

ஆக, ஐசிஎம்பிவி6ஐ மொத்தமாக அடைப்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்பும் தவறு. ஃபயர்வாலைத் தாண்டி 1 முதல் 4 வரை எண்ணுள்ள பிழைச் செய்திகள் வரவேண்டும். உள்வலையில் 133 முதல் 136 வரை ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கணினி பக்கத்துக் கணினியைக்கூடக் கண்டுபிடிக்காது. ஐபிவி4ல் ஏஆர்பி செய்த வேலை இங்கே இவற்றுக்குள்தான் இருக்கிறது. எதை விடலாம், எதை நிறுத்தலாம் என்று ஆர்எஃப்சி 4890 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் எண் எண்ணாகச் சொல்கிறது. அதைப் பார்த்து விதிகளைத் திருத்திய சில நிமிடங்களில் பிடிஎஃப்கள் இறங்கத் தொடங்கின.

இதெல்லாம் பினாங்குக்குப் புதிய விஷயம் இல்லை. கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஐபிவி6க்கென்றே ஒரு தேசிய மையம் 2005லேயே தொடங்கப்பட்டது. உலகத் தொகுப்பில் மீதமிருந்த ஐபிவி4 முகவரிகள் 2011 பிப்ரவரி 3ல் பிரித்துக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. நம் வட்டாரத்துக்கு முகவரி கொடுக்கும் ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரல் 15லிருந்து சிறு துண்டுகளாக அளந்து தருகிறது. இன்று மலேசியாவில் இணையம் பயன்படுத்துகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐபிவி6லும் வருகிறார்கள், பெரும்பாலோருக்கு அது தெரியாது. பழையதும் போகவில்லை. ஆகவே நாம் எல்லாரும் ஒரே கம்பியில் இரண்டு வலையமைப்பை நடத்துகிறோம். ஒன்றை மட்டும் கவனித்து, இன்னொன்று தானாக நடக்கும் என்று விட்டுவிடுவதுதான் இந்தத் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர்.

அந்த அலட்சியத்தின் மிக ஆபத்தான வடிவம் பாதுகாப்பில் தெரியும். ஜார்ஜ்டவுனில் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சேலைக் கடை. கடையில் எட்டு கேமரா, ஒரு ரெக்கார்டர். "வெளியேயிருந்து யாரும் பார்க்க முடியாது தம்பி, போர்ட் எதுவும் திறக்கலை" என்றார் முதலாளி. ஐபிவி4ஐப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் இருந்ததால் வெளியேயிருந்து வரும் இணைப்புக்கு உள்ளே வழியில்லை. ஆனால் ரௌட்டரில் ஐபிவி6 ஓடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டரும் தனக்கு ஒரு பொது முகவரியை எடுத்துக்கொண்டிருந்தது. ரௌட்டர் பட்டியலில் அந்த முகவரியைப் பார்த்து எழுதிக்கொண்டேன். என் கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதைத் தட்டினேன். ரெக்கார்டரின் லாகின் பக்கம் திறந்தது. பெட்டியோடு வந்த பாஸ்வர்டையும் யாரும் மாற்றவில்லை. கல்லாப்பெட்டிக்கு மேலிருந்த கேமராவில் தன் தலையைத் தானே பார்த்த முதலாளிக்குப் பேச்சு வரவில்லை.

நாட் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது அல்ல. முகவரிப் பஞ்சத்துக்காக வந்தது. உள்ளே யாரும் தானாக நுழைய முடியாமல் போனது அதன் பக்க விளைவு. ஐபிவி6ல் அந்தப் பக்க விளைவு கிடைக்காது. அதனால் "உள்ளேயிருந்து தொடங்கியதற்குப் பதில் வரலாம், வெளியேயிருந்து புதிதாக எதுவும் நுழையக்கூடாது" என்ற விதியை நாமே போட வேண்டும். வீட்டு ரௌட்டர்களுக்கு இதைப் போன்ற விதிகளை ஆர்எஃப்சி 6092 2011லேயே பரிந்துரைத்தது. பல ரௌட்டர்களில் இது ஒரு தனி டிக். சில மாடல்கள் அந்த டிக் வைக்கப்படாமலேயே வருகின்றன. லினக்ஸ் சர்வரில் பழைய ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகள் ஐபிவி6ஐத் தொடவே தொடாது, அதற்கு ஐபி6டேபிள்ஸ் தனி. என்எஃப்டேபிள்ஸில் இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுங்கள்.

ஒரு /64 வலையில் (128 பிட் முகவரியில் முதல் 64 வலைக்கு, மீதி கருவிக்கு) முகவரிகள் இவ்வளவு இருக்கின்றன, யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. முழுவதையும் வரிசையாகத் தேடுவது நடக்காதுதான். ஆனால் பல பழைய கருவிகள் வன்பொருளோடு வரும் தங்கள் மேக் முகவரியிலிருந்தே கடைசி 64 பிட்டைச் செய்துகொள்கின்றன. கருவியைச் செய்த நிறுவனம் எது என்று தெரிந்தால் தேடும் பரப்பு மளமளவென்று சுருங்கிவிடும். கருவி தானே வெளியே போய்ப் பேசும்போதும் முகவரி எங்காவது பதிவாகிவிடும்.

முகவரித் திட்டம் போடும்போது ஐபிவி4 பழக்கம் நம் கையைப் பிடிக்கும். முப்பது கணினிக்கு எத்தனை முகவரி போதும் என்று கணக்குப் போட்டு /120 என்று வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உடனே தானியங்கி முகவரி நின்றுவிடுகிறது, ஏனென்றால் அது /64ஐ எதிர்பார்க்கிறது. இங்கே கருவிகளை எண்ணாதீர்கள், வலைகளை எண்ணுங்கள். /56 கிடைத்தால் 256 வலை, /48 கிடைத்தால் 65,536 வலை. மாடிக்கொரு விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கும் தனி வலை) என்றால், விலான் 20க்கு வலை எண் 20, விலான் 30க்கு 30 என்று வைத்துக்கொண்டால், நள்ளிரவில் ஒரு முகவரியைப் பார்த்ததும் அது எந்த மாடி என்று தெரியும்.

கருவிகள் கேட்டால் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபிவி6 மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி: ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தங்கள் தனி முகவரியை அதன் வழியாகக் கேட்டு வாங்குவதில்லை. ரௌட்டர் அறிவிப்பு வழியான தானியங்கி முகவரியும் இருக்கட்டும்.

அந்த ரௌட்டர் அறிவிப்பையே யாராவது தவறுதலாக அனுப்பினால்? கூட்ட அறையில் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ரௌட்டரைச் செருகுகிறார், மாடி முழுக்க "நான்தான் வழி" என்று அது கூவுகிறது, கணினிகள் நம்பிவிடுகின்றன. ஐபிவி6 போடாத அலுவலகத்திலும் இது நடக்கும், கணினிகளில் ஐபிவி6 எப்போதும் விழித்துத்தான் இருக்கிறது. சுவிட்சில் ரௌட்டர் அறிவிப்பைத் தடுக்கும் ஆர்ஏ கார்டு வசதி இருந்தால் ரௌட்டர் இருக்கும் போர்ட் தவிர மற்றதில் அதைப் போட்டுவிடுங்கள்.

தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில், ஐபிவி6 முகவரியைச் சொல்லும் குவாட்-ஏ பதிவைச் சேர்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடுவது இன்னொரு தவறு. சர்வர் அந்த முகவரியில் காது கொடுக்கிறதா, சான்றிதழ் சரியா, எல்லாவற்றையும் ஐபிவி6ல் தனியாகச் சோதிக்க வேண்டும். கர்ல் கட்டளையில் -4, -6 என்று இரண்டு தடவை ஓட்டினாலே தெரிந்துவிடும். பிரவுசரை மட்டும் நம்ப முடியாது. ஐபிவி6ல் கால் நொடிக்குள் இணைப்பு கிடைக்காவிட்டால் அது ஐபிவி4ஐயும் சேர்த்து முயலும். ஹேப்பி ஐபால்ஸ் என்று பெயர். பயனருக்கு அது நன்மை, நமக்கோ பழுது மூடிக்கிடக்கிறது. இரண்டு சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது பெரும்பாலும் இந்த வசதி இருக்காது, அப்போதுதான் வலி தெரியும். கண்காணிப்பு மென்பொருளில் ஒரே தளத்துக்கு இரண்டு வரி வையுங்கள். மின்னஞ்சல் சர்வர் என்றால் ஐபிவி6 முகவரிக்கும், முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் ஜிமெயில் உங்கள் கடிதத்தை ஏற்காது.

நிரல் எழுதுகிறவர்கள் இதிலிருந்து தப்ப முடியாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் தொண்டர்களைப் பதிவு செய்ய ஒரு மன்றம் சிறிய தளம் வைத்திருந்தது. இளைஞர்கள் கைப்பேசியிலிருந்து பெயர் கொடுத்தால் "நீங்கள் ஏற்கனவே பதிந்துவிட்டீர்கள்" என்று வந்தது. முதல் ஆளுக்கு ஏற்றது, அடுத்த ஆளுக்கு மறுத்தது. ஒரு முகவரிக்கு ஒரு பதிவு என்று விதி. முகவரியை வைக்கும் கட்டத்துக்கு 15 எழுத்து. ஐபிவி4க்குச் சரியான அளவு. ஐபிவி6 முகவரி வந்ததும் தரவுத்தளம் சத்தமில்லாமல் 15 எழுத்தோடு வெட்டிவிட்டது. ஒரே கைப்பேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலருக்கு முதல் 15 எழுத்தும் ஒன்றுதான். எழுத்தாக வைப்பதென்றால் 45 வேண்டும். அதைவிட நல்லது, முகவரிக்கென்றே இருக்கும் தரவு வகை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உண்டு. எழுத்தாக ஒப்பிட்டால் இன்னொரு வம்பும் இருக்கிறது: ஒரே முகவரியைச் சுழியங்களைச் சுருக்கியும் விரித்தும் பல விதமாக எழுதலாம்.

அந்த விதியே தவறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐபிவி4ல் ஒரு முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் இருக்கலாம். ஐபிவி6ல் ஒரே கைப்பேசி நாளுக்கொரு முகவரி மாற்றிக்கொள்ளும். தொல்லை தருகிறவரைத் தடுப்பதென்றால் தனி முகவரியை அல்ல, /64 முழுவதையும் சேர்த்துத் தடுக்க வேண்டும்.

கடைசியாக, "ஐபிவி6ஐ அணைத்துவிடு, சரியாகிவிடும்" என்ற வைத்தியம். ஆயர் ஈத்தாமில் ஒரு அச்சகம். இடிமழையில் மின்சாரம் போய் வந்தால் பாதி நாள் இணையம் ஊர்ந்தது. யாரோ வந்து பத்துக் கணினியிலும் ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டுப் போனார். ஓடியது. கைப்பேசிகளும் புதிய பிரிண்டரும் அதே தொல்லையில் கிடந்தன. விண்டோஸில் ஐபிவி6ஐ அணைக்க வேண்டாம், தேவையானால் ஐபிவி4க்கு முன்னுரிமை கொடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. நோய் வேறு இடத்தில் இருந்தது. ரௌட்டர் அணைந்து எழும்போதெல்லாம் இணைப்பில் முகவரியின் முன்பகுதி மாறிவிடும். சுவிட்சும் கணினிகளும் யுபிஎஸ்ஸில் இருந்ததால் கணினிகளுக்கு எதுவும் நடந்ததே தெரியாது. பழைய முன்பகுதி இன்னும் செல்லும் என்று நம்பி அதிலிருந்தே பாக்கெட் அனுப்பிக்கொண்டிருந்தன. பழைய தர அளவில் அந்த நம்பிக்கைக்கு 7 நாள் விருப்பக் காலம், 30 நாள் செல்லுபடிக் காலம். 2021ல் வந்த ஆர்எஃப்சி 9096 இதை 45 நிமிடத்துக்கும் 90 நிமிடத்துக்கும் குறைக்கச் சொல்கிறது; பழைய முன்பகுதி இனி செல்லாது என்று ரௌட்டர் தானே அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ரௌட்டரில் அதைச் செய்தேன். பிரிண்டருக்கு மாறாத உள்முகவரி ஒன்றும் கொடுத்தேன். பத்துக் கணினியிலும் எடுத்த டிக்கை மறுபடி வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு வழியிலும் சோதித்து முடிக்க ஒரு சனிக்கிழமை காலை முழுக்கப் போனது.