கலத்துக்குள்ளே இருக்கும் வாங்கிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பலர், வாங்கி (சைகை மூலக்கூறைப் பிடித்துக் கலத்தைச் செயற்பட வைக்கும் புரதம்) என்றதும் கலமென்சவ்வின் வெளிப்புறத்தை மட்டுமே வரைகிறார்கள். கலத்துக்குள்ளும் வாங்கிகள் உண்டு. ஐபி3 என்ற சிறிய சைகை மூலக்கூறு, கலத்துக்குள் மென்சவ்வாலான வலையாகிய அகமுதலுருச் சிறுவலையிலுள்ள வாங்கியோடு பிணைந்ததும், அங்கே சேமித்திருக்கும் கல்சியம் குழியவுருவுக்குள் பாய்கிறது. 1983இல் சதையிக் கலங்களில் இது காட்டப்பட்டது.

இந்த வாங்கியில் மூன்று வகைகள். மூன்றுக்கும் தனித்தனி மரபணுக்கள். சிறுமூளையின் பெரிய நரம்புக்கலங்களான பேர்க்கிஞ்சிக் கலங்களில் முதலாம் வகை மிக அதிகம். ஈரலிலும் இதயத்திலும் இரண்டாம் வகை மேலோங்கும். இதை "முதலாவது மூளைக்கு, இரண்டாவது இதயத்துக்கு" என்று மனனம் செய்துவிடாதீர்கள். பெரும்பாலான கலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் கலந்தே இருக்கின்றன. நான்கு உபஅலகுகள் கூடித்தான் ஒரு வாங்கி. அந்த நான்குகூட வெவ்வேறு வகையாக அமையலாம். இழையத்துக்கு இழையம் மாறுவது பெரும்பாலும் விகிதம்தான். கலத்துக்குள் கல்சியத்தை வெளிவிடும் இன்னொரு வாங்கியான ரயனோடின் வாங்கியிலும் இதே கதை: இதய வகை என்று சொல்லப்படுவதே மூளையிலும் அதிகம்.

ஒரு வகையை நீக்கிய சுண்டெலி நலமாக இருந்தால் "அந்த வகை தேவையில்லை" என்று முடிவு கட்டுவதே என் பார்வையில் மிக ஆபத்தான தவறு. இரண்டாம் வகையையோ மூன்றாம் வகையையோ தனியே நீக்கினால் பெரிய குறை தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்து நீக்கினால் உமிழ்நீரும் சதையி நொதியங்களும் சரிவரச் சுரப்பதில்லை. பால்குடி மறந்த குட்டிகள் உலர்ந்த தீனியை உண்ண முடியாமல் இறந்துபோகின்றன. ஒன்றின் வேலையை மற்றது தாங்கிப் பிடித்திருந்தது. முதலாம் வகைக்கு அப்படியொரு துணை இல்லை. அதை இழந்தவற்றில் பெரும்பாலானவை பிறக்கும் முன்பே இறக்கின்றன. தப்பிப் பிறந்தவை தள்ளாடி நடக்கும், வலிப்பும் வரும்.

மனிதரில் இரண்டாம் வகை கெட்டால் என்ன ஆகும் என்பது 2014இல் தெரியவந்தது. ஒரு குடும்பத்தில் வியர்வைச் சுரப்பிகள் இயல்பான அமைப்போடு இருந்தும் வியர்வை வரவில்லை. ஆவணி வெயிலில் முரசுமோட்டை வயல் வரம்பில் நிற்கும் எவருக்கும் அது எத்தனை பெரிய இழப்பென்று விளங்கும்.

முழு இழையத்தையும் அரைத்து அளந்த எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. மூளையில் நரம்புக்கலங்களோடு, அவற்றுக்குத் துணைநிற்கும் உடுக்கலங்களும் குருதிக்கலன்களும் உண்டு. மொத்த அளவில் முதலாம் வகையே முன்னுக்கு நிற்கும். ஆனால் உடுக்கலங்கள் தம் கல்சியச் சைகைக்கு முதன்மையாக நம்பியிருப்பது இரண்டாம் வகையை.