‘கவுண்டி கார்க்’ மட்டும் போதாது: அயர்லாந்து மூதாதையரின் ஊரைத் தேடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தில் வேர் தேடுகிறவர்களின் காதில் முதலில் விழுவது, “அங்கே ஆவணமெல்லாம் எரிந்துபோச்சு” என்பதுதான். அதை நம்பித் தேடலையே கைவிடுவதுதான் பெரிய தவறு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், சில துண்டு துணுக்குகள் தவிர, அதில் போயின. சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டன்ட் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளுக்குத் தீ காரணமில்லை. அவற்றை அரசாங்கமே முன்பே அழித்துவிட்டிருந்தது. ஆனால் கத்தோலிக்கப் பங்குகளின் (பாரிஷ், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்லை. அவை அந்தந்தப் பங்குச் சாமியாரிடம் இருந்தன. அயர்லாந்து தேசிய நூலகம் பின்னாளில் அவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்து, பெரும்பாலும் 1880 வரையிலானவற்றை 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் பங்குகள். மூதாதையர் கத்தோலிக்கராக இருந்தால் 1922 தீயை நினைத்து அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

சரி, பதிவேடு கையருகே இருக்கிறது என்று தெரிந்ததும் நேராக அதற்குள் குதிக்கிறார்கள். இது அடுத்த தவறு. கார்க், கெர்ரி கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) பக்கத்தில் 1830-ஐ ஒட்டிப் பிறந்த பேட்ரிக் சல்லிவன் என்று தேடினால் ஒரு கூட்டமே வந்து நிற்கும். அதில் நம்மவர் யார் என்று அயர்லாந்துப் பதிவேடு சொல்லாது. அவர் போய்க் குடியேறிய நாட்டின் தாள்களில்தான் அந்தத் தடயம் இருக்கும். ஆகவே கடலுக்கு இந்தப் பக்கத்து வேலையை முதலில் முடிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போனவர் என்றால் குடியுரிமைத் தாளை முதலில் எடுப்பார்கள். 1906-க்கு முந்தைய தாள்களில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். அதைவிடக் கல்லறைக் கல், உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பு, அங்கே நடந்த கல்யாணத்தின் கோயில் (தேவாலய) பதிவு ஆகியவை பயன்படும். பாஸ்டனில் வெளிவந்த ‘பைலட்’ பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமல் போன சொந்தக்காரர்களைத் தேடும் விளம்பரங்களைப் போட்டது. அவற்றில் பங்கின் பெயர், சில சமயம் குக்கிராமத்தின் பெயர்கூட வரும். நியூயார்க்கில் 1850-ல் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க், கணக்கு வைத்தவர் யார் என்று அடையாளம் காண்பதற்காகப் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று கேட்டு எழுதி வைத்தது. ஸ்காட்லாந்துக்குப் போனவர் அங்கே இறந்திருந்தால், 1855-க்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் கிடைக்க வாய்ப்பு உண்டு. நம் மூதாதையர் தாளில் ஒன்றும் இல்லையென்றால் அவருடைய அண்ணன், தங்கை, கல்யாணச் சாட்சி, பக்கத்து வீட்டுக்காரர் என்று தேடலாம். ஊர்க்காரர்கள் சேர்ந்தே குடியேறினார்கள். ஒருவர் தாளில் விடுபட்ட ஊர் இன்னொருவர் தாளில் இருக்கும்.

சென்னையிலும் திருச்சியிலும் உள்ள சில ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஐரோப்பியப் படைகளுக்கு அயர்லாந்தில் ஏராளமாக ஆள் எடுத்தது. பின்னாளில் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையே 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. மெட்ராஸ் மாகாணத்துக் கோயில் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் இங்கே நடந்த கல்யாணத்தின் பதிவு, மாப்பிள்ளை அயர்லாந்தில் எங்கே பிறந்தார் என்று பெரும்பாலும் சொல்லாது. ராணுவத் தாள்தான் சொல்லும். பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வூதியத்தோடு விலகியவரின் தாளில் பங்கு, அருகிலுள்ள டவுன், கவுண்டி மூன்றையும் எழுதுவதற்கென்றே இடம் இருந்தது.

இனி ஊர்ப்பெயர். தேடல் அதிகம் தடம் புரள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் ஓர் ஆளின் முகவரியின் கடைசி அலகு டவுன்லேண்ட். பெயரைப் பார்த்து டவுன் என்று நினைத்துவிடக் கூடாது. நாலைந்து வீடுகளும் வயல்களும் மட்டுமே உள்ள நிலத்துண்டாகவும் அது இருக்கலாம். அப்படி 60,000-க்கும் மேல் உண்டு. அதற்கு மேலே பங்கு. பங்கிலும் இரண்டு வகை. நிலவரி, நில மதிப்பீட்டுக் கணக்கெல்லாம் சிவில் பாரிஷ்படி. அவை சுமார் 2,500. ஞானஸ்நானம் பதிவானதோ கத்தோலிக்கப் பங்கில். இரண்டுக்கும் எல்லை வேறு, பல இடங்களில் பெயரே வேறு. குடும்பம் சிவில் பாரிஷ் ஒன்றில் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டு, அதே பெயருள்ள கத்தோலிக்கப் பங்கின் பதிவேட்டைப் புரட்டி, “இல்லை” என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். டவுன்லேண்ட் எந்தக் கத்தோலிக்கப் பங்கில் அடங்கியது என்று வரைபடத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டைத் திறக்க வேண்டும். எல்லையோரம் என்றால் பக்கத்துப் பங்கையும் சேர்த்துப் பாருங்கள்.

கில்மோர், கில்பிரைட், நியூடவுன் போன்ற பெயர்கள் தீவு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கவுண்டி தெரியாமல் கில்மோர் என்று கண்டால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். ‘குயின்ஸ்டவுன்’ என்று குடும்பத்தில் சொல்லி வந்தால், அது பிறந்த ஊராக இருப்பதைவிடக் கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; இன்றைய கோவ் துறைமுகத்துக்கு 1849 முதல் அயர்லாந்து விடுதலைக் காலம் வரை இருந்த பெயர் அது. கிங்ஸ் கவுண்டி என்பது இன்றைய ஆஃபலி, குயின்ஸ் கவுண்டி என்பது இன்றைய லீஷ். அப்புறம், 1864 முதல் நடந்த அரசுப் பதிவில் ‘பாலினஸ்லோ’ என்று இருந்தால் அது பதிவு மாவட்டத்தின் பெயர். அந்த மாவட்டம் கால்வே, ராஸ்காமன் என்று இரண்டு கவுண்டிகளில் பரவியிருந்தது. டவுனிலேயே பிறந்தார் என்று கொள்ளக் கூடாது.

பெயரின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் வேண்டாம். ஓ, மேக் போன்ற முன்னொட்டுகள் ஒரு தலைமுறையில் போகும், அடுத்ததில் திரும்பி வரும். பல சாமியார்கள் லத்தீனில் எழுதினார்கள்: ஜேம்ஸ், ஜகோபுஸ் ஆவார், வில்லியம், குலியெல்முஸ் ஆவார், யூஜினியுஸ் என்றால் அது பெரும்பாலும் ஓவன். பிரிஜெட் என்று ஞானஸ்நானம் பெற்றவர் அமெரிக்காவில் டீலியா என்று வாழ்ந்திருப்பார். ஹனோரா நோரா ஆவார், ஜெரமையா டார்பியும் ஆவார். கணினி அட்டவணையை மட்டும் நம்பாமல், பங்கு தெரிந்தபின் பக்கம் பக்கமாகப் பதிவேட்டின் படத்தையே படிப்பதுதான் என் கட்சி. மங்கிப்போன மையையும் கிறுக்கலையும் படித்து அட்டவணை போட்டவர் தடுமாறிய இடங்கள் நிறைய.

வயதைப் பற்றிச் சுருக்கமாக: நம்ப வேண்டாம், முன்னும் பின்னும் ஐந்து வருடமாவது தேடுங்கள். 1901, 1911 கணக்கெடுப்புகள் இரண்டும் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஒப்பிட்டால் பத்து வருட இடைவெளியில் பலருக்குப் பதினைந்து வயது ஏறியிருக்கும். 1909-ல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கி, 70 வயது ஆனவர்களுக்கு என்று சொன்னதில் வந்த முதுமை அது! இதில் ஒரு லாபமும் உண்டு. வயதை நிரூபிக்க அன்றைய அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புகளைத் தேடிப் பார்த்து எழுதிய படிவங்கள் தப்பிவிட்டன. மூலம் எரிந்துபோனாலும், அதிலிருந்து எடுத்த குடும்ப விவரம் சில பேருக்கு அந்தப் படிவத்தில் கிடைக்கிறது.

பெயரும் வருடமும் பொருந்திய முதல் ஞானஸ்நானப் பதிவை “இவர்தான்” என்று எடுத்துக்கொள்வதை எல்லாவற்றையும்விட மோசமான தவறு என்பேன். அந்தக் காலத்தில் முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று வைக்கிற வழக்கம் பரவலாக இருந்தது. அதனால் ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே பங்கில், ஒரே பெயரில், ஒன்றிரண்டு வருட இடைவெளியில் பிறந்திருப்பார்கள். கிடைத்த பதிவை நிரூபிக்கப் பார்க்காதீர்கள், முதலில் தகர்க்கப் பாருங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து அயர்லாந்திலேயே கல்யாணம் செய்துகொண்டதா? 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் அதே ஊரில் குத்தகைக்காரராக நிற்கிறாரா? 1901 கணக்கெடுப்பில் கிழவராக அங்கேயே இருக்கிறாரா? இருந்தால் அவர் கப்பல் ஏறிப் போன நம்மவர் இல்லை. தகர்க்க முடியவில்லையென்றால் குடும்பத்தைப் பொருத்திப் பாருங்கள். கத்தோலிக்கப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் பெரும்பாலும் இருக்கும். ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா வகையறா. பெற்றோரின் எல்லாக் குழந்தைகளையும் அந்தப் பதிவேட்டில் எடுத்து, வெளிநாட்டில் தெரிந்த உடன்பிறந்தவர்களோடு ஒப்பிடுங்கள். மூன்று பெயர்கள் வரிசையாகப் பொருந்தினால் நம்பலாம். கல்யாணம் மணமகளின் பங்கில் நடப்பதே வழக்கம். முதல் குழந்தையின் ஞானஸ்நானமும் சில சமயம் அங்கேதான். மூத்தவர் மட்டும் காணவில்லையென்றால் தாயின் பங்கைப் பாருங்கள்.

பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அந்த ஊரில் பிறக்கவில்லை என்றாகாது. மேயோ, டோனிகால் போன்ற மேற்குப் பகுதிகளில் பல பங்குகளின் பதிவேடுகள் 1830-களுக்கு மேல்தான் தொடங்குகின்றன, சிலது 1840-களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு. 1815-ல் பிறந்தவரை அங்கே தேடி என்ன பயன்? தேடும் முன் அந்தப் பங்கின் தொடக்க ஆண்டையும் இடைவெளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேடு இல்லாத காலத்துக்கு 1823 முதல் 1837 வரை தொகுத்த தசமபாகக் கணக்கு (திருச்சபைக்காக நிலத்தின்மேல் விதித்த வரியின் கணக்கு) ஓரளவு உதவும். ஆனால் அதில் நிலம் வைத்திருந்தவர் பெயர் மட்டும்தான், மனைவி மக்கள் இல்லை. அதை வைத்துக் குடும்ப மரம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

1864-க்குப் பின் பிறந்தவர் என்றால் அரசுப் பிறப்புப் பதிவில் உள்ள தேதிக்குச் சில வாரம் முன்னாலேயே ஞானஸ்நானம் நடந்திருப்பதாகத் தெரியலாம். பிறக்கும் முன்பே ஞானஸ்நானமா என்று குழம்பி, வேறு குழந்தை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தாமதமாகப் பதிவு செய்தால் அபராதம் என்பதால், குழந்தை பிறந்தது உண்மையான தேதிக்குப் பிந்தி என்று பெற்றோர் மாற்றிச் சொல்வது சாதாரணமாக நடந்தது. இரண்டு தேதிகளையும் குறித்துவையுங்கள். முரண்பட்டால் கோயில் தேதியின் பக்கம் சாயலாம்.