கார்டு மேசையில் புதுப் பிள்ளைகளை விரட்டும் தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் போக்கிமான், மேஜிக், யூ-கி-ஓ மாதிரி கார்டு சேர்த்து ஆடுகிற ஆட்டங்களை உட்கார்ந்து ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் ஒருவர் விட்டுப்போனாலும் மேசையில் அது தெரியும். புதிதாக வந்த பிள்ளை அடுத்த வாரம் வரவில்லை என்றால் "அவனுக்கு ஆர்வம் இல்ல", "காசு கட்டுப்படியாகல" என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். காசு ஒரு காரணம்தான். ஆனால் கையில் காசு இல்லை என்பதை மேசையில் இருக்கிற பழைய ஆட்கள் நாலு பேர் முன்னால் தெரியவைக்கிற விதம் இருக்கிறதே, பெரும்பாலும் அதுதான் பிள்ளையை எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிறது. ஆகவே இது பழைய ஆட்களுக்காக எழுதுவது.

வந்தவுடன் "பேக் வாங்கிக் கிழி, நல்லது விழும்" என்று சொல்வதை முதலில் விடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குகிற ஆங்கிலப் போக்கிமான் பேக் ஒன்றில் 10 கார்டு இருக்கும், ஜப்பான் பேக்கில் பெரும்பாலும் 5. டெக்குக்கு, அதாவது ஆடக் கொண்டுவருகிற கட்டுக்கு, வேண்டியது கூடாமல் குறையாமல் 60. அல்ட்ரா பால் மாதிரி எல்லா டெக்கிலும் நாலு வைக்க நினைக்கிற ஒரு கார்டை, பேக் கிழித்துக் கிழித்து எப்போது சேர்ப்பது? கட்டி விற்கிற ரெடிமேட் டெக் ஒன்றை வாங்கி, குறைகிற கார்டுகளை மட்டும் ஒற்றையாக வாங்குவதுதான் செலவு குறைந்த வழி. அதற்கும் முன்னால் போனிலேயே பழகலாம். போக்கிமான் டிசிஜி லைவ், மேஜிக் அரீனா, யூ-கி-ஓ மாஸ்டர் டூயல் எல்லாமே இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியவை. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜெயித்த டெக்குகளைப் போக்கிமான் நிறுவனமே பின்புறத்தை மாற்றி அச்சிட்டு விற்கிறது, போட்டியில் அனுமதி கிடையாது, ஆனால் வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பொருள் இல்லை. அப்புறம், பழைய கார்டைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள். போக்கிமானில், அண்மைக் காலக் கார்டுகள் மட்டும் செல்லுகிற ஸ்டாண்டர்ட் போட்டிக்கு எது செல்லும் என்பதைக் கார்டின் கீழே இடது ஓரத்தில் இருக்கிற எழுத்து சொல்லும், பழைய எழுத்துகள் காலம் ஆக ஆக வெளியே போய்விடும். அதைச் சொல்லாமல் "இத வச்சு டோர்னமெண்ட் ஆடலாம்" என்று விற்பது ஏமாற்றுதான்.

திருவிழாக் கடையிலும் பெட்டிக்கடையிலும் தங்க நிறத்தில் மினுங்குகிற கார்டுக் கட்டுகள் தொங்கும். நம்ம ஊர்ப் பிள்ளைகளில் பல பேருக்குக் கையில் கிடைக்கிற முதல் போக்கிமான் கார்டு அதுதான். அதைப் பத்திரமாக டப்பாவில் வைத்து ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுகிறவனிடம் "இது டூப்ளிகேட்டுலே" என்று எல்லோரும் சிரித்தால் அவன் அந்த டப்பாவோடு போய்விடுவான். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் தனியாகக் கூப்பிட்டு, அசல் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பின்பக்க நிறம் வேறாக இருப்பதையும் எழுத்து மாறியிருப்பதையும் காட்டிச் சொல்லுங்கள்.

அந்தக் கார்டுக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது. இங்கேதான் புரோக்ஸி, அதாவது அசலுக்குப் பதிலாக வைத்து ஆடுகிற நகல் கார்டு பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நட்பாக ஆடுகிற மேசையில்கூட "ஒரிஜினல் இல்லன்னா ஆடாத" என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. தேவையான கார்டின் படத்தை 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவில் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, கத்தரியால் வெட்டி, பின்பக்கம் தெரியாத பிளாஸ்டிக் உறைக்குள் (ஸ்லீவ்) அந்தத் திருவிழாக் கார்டை முட்டுக்கு வைத்து அதன் முன்னால் சொருகினால் கார்டு விறைப்பாக நிற்கும், குலுக்கலாம். பார்த்ததும் ஜெராக்ஸ் என்று தெரிய வேண்டும், விற்கக் கூடாது, அதிகாரப்பூர்வப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. சொந்தமாக ஆடிப் பார்க்க இப்படி எழுதியோ ஒட்டியோ வைத்துக்கொள்வதைத் தடுக்கப்போவதில்லை என்று மேஜிக்கை வெளியிடுகிற விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டே 2016-ல் சொல்லிவிட்டது. நிறுவனமே விட்டுவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? மேஜிக் ஆடுகிறவர்கள் பாப்பர் என்கிற முறையையும் யோசிக்கலாம். எளிதில் கிடைக்கிற காமன் கார்டுகள் மட்டும்தான், 2019-ல் அச்சுக் கார்டுக்கும் ஆன்லைனுக்கும் ஒரே பட்டியலாக்கி அதிகாரப்பூர்வமாக்கிவிட்டார்கள்.

கார்டு மாற்றிக்கொள்வதில் நடக்கிற அநியாயம் தனி. கல்லூரி முடித்த ஒருவர், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஃபைலைப் புரட்டி விலை தெரியாத ஒரு கார்டை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பளபளக்கிற சாதாரணக் கார்டு ஐந்தைக் கொடுப்பது எங்கேயும் நடக்கிறது. "அவனே சம்மதிச்சுத்தான் தந்தான்" என்பது பதில் ஆகாது. போனில் விலையை எடுத்து அவனுக்குக் காட்டுங்கள், சின்னப் பிள்ளை என்றால் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். பந்தயம் கட்டி ஆடுவது அறவே வேண்டாம். மேஜிக் 1993-ல் வந்தபோது தோற்றவர் ஒரு கார்டை இழக்கிற ஆன்டி என்ற விதி இருந்தது, பிறகு அதையே கைவிட்டார்கள். கையில் கார்டுக் கட்டைப் பார்த்தாலே சூதாட்டமோ என்று பயப்படுகிற பெற்றோர் இங்கே நிறைய. ஒரு நாள் பத்து ரூபாய் பந்தயம் நடந்தது என்று வீட்டுக்குத் தெரிந்தால் அந்தத் தெருவிலிருந்து அப்புறம் யாரும் வர மாட்டார்கள்.

ஆட்டத்துக்குள் வருவோம். கேட்காமல் எதிராளியின் கார்டைத் தொடுவது, குலுக்கிய கட்டை வெட்டக் கொடுக்காமல் ஆரம்பிப்பது, ரசவடை தின்ற கையைத் துடைக்காமல் இரவல் டெக்கைத் தூக்குவது, இவையெல்லாம் சொன்னால் திருந்துகிறவை. சொல்லியும் திருந்தாதது அவசரப்படுத்துவது. தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை கார்டில் இருக்கிற ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது எதிரே இருக்கிறவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தால், அந்தப் பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கையில் வந்த கார்டை இறக்கிவிட்டுத் தோற்கும். போக்கிமானில் ப்ரொஃபஸர்ஸ் ரிசர்ச் என்ற கார்டு வந்தால் "கையில இருக்குறது எல்லாத்தையும் கழிச்சிட்டு ஏழு எடு" என்று சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அல்ட்ரா பால் போட வேறு இரண்டு கார்டைக் கழிக்க வேண்டும், முதலில் ஆடுகிறவர் தன் முதல் முறையில் தாக்க முடியாது. புதியவர்கள் தடுமாறுகிற இடங்கள் இவைதான், ஆட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் நடுவில் "அது செல்லாது" என்று பிடுங்க வேண்டியிருக்காது. பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மலையாளத்தில் சொல்ல நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும்தானே.

இனி, யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். புதிதாக வந்தவரிடம் "எந்த ஊரு?" என்று தொடங்கி, "அங்க எந்தத் தெரு, எந்தக் கோவில், எந்தச் சபை, அப்பா என்ன செய்யிறாரு" என்று போகிற விசாரணை எங்கே போய் முடியும் என்று இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கேட்கிறவர் பாசமாகக் கேட்பதாகவே வைத்துக்கொள்வோம். பதில் சொல்கிற பிள்ளைக்கு உள்ளுக்குள் என்ன ஓடுகிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். என்ன டெக் ஆடுகிறாய், எந்தப் போக்கிமான் பிடிக்கும் என்று கேளுங்கள், அது போதும். கடப்புறத்திலிருந்து, அதாவது கடற்கரை ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகளின் பேச்சைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்பதும் இதே வகைதான், கூட்டாளிகளுக்குள் "லே மக்கா" என்று பேசிக்கொள்வது வேறு, அன்றைக்குத்தான் பார்த்த ஒருவனை அப்படி நக்கலடிப்பது வேறு. இனவெறி தொனிக்கிற ஏழு பழைய கார்டுகளை 2020-ல் மேஜிக் போட்டிகளிலிருந்து தடை செய்தார்கள். கார்டில் இருப்பதையே நீக்க முடிகிறது என்றால் மேசையில் பேசுவதை நிறுத்த முடியாதா.

பெண் பிள்ளை வந்தால் "அண்ணன் கூட வந்தியா?" என்று கேட்காதீர்கள். அவள் கேட்காமல் அவளுடைய டெக்கையே அவளுக்கு விளக்காதீர்கள், தோற்றுவிட்டு "விட்டுக் கொடுத்தேன்" என்று சொல்லாதீர்கள். நேரத்தையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்தால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வர முடியாது, சாயங்காலம் இழுத்துக்கொண்டே போனால் குளச்சல், முட்டம் பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் கடைசிச் சுற்றை விட்டுவிட்டு ஓடுவார்கள். மதியம் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடிக்கலாம். மாடிப்படி ஏற முடியாதவர்கள் இருந்தால் கீழ்த்தளத்தில் மேசை போடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கினால் பரிசு பேக்குகளை முதல் இரண்டு பேருக்கே கொட்டாமல், பாதியைக் குலுக்கல் முறையில் கொடுங்கள்.

கடைசியாக, மோசமாக நடந்துகொள்கிறவரைக் காப்பாற்றுவது. 2024 செப்டம்பரில் மேஜிக்கின் கமாண்டர் என்கிற ஆட்ட முறையில் விலை கூடிய சில கார்டுகளைத் தடை செய்ததும், அந்த விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர்களுக்கு மிரட்டல்கள் போய், ஒரே வாரத்தில் அவர்கள் பொறுப்பை விசார்ட்ஸிடமே கொடுத்துவிட்டு விலகினார்கள். நம்ம ஊரில் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் கார்டை விசிறி எறிகிறவர், தோற்றால் கெட்ட வார்த்தை பேசுகிறவர் இருக்கத்தான் செய்கிறார். புதுப் பிள்ளை வந்து சொன்னால் "அவன் அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாது" என்று சமாளிக்காதீர்கள். அன்றைக்கே, ஆட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மறுபடியும் நடந்தால் ஒரு மாதம் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரிடம்தான் கார்டு அதிகம், அவர் வீட்டு மாடியில்தான் ஆடுகிறோம் என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், மேசையை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டி வந்தாலும் சரி.